கல்லூரியில் வணிக, கணக்கியல் மன்றம் தொடங்குவது எப்படி? பீடோங் வட்டார மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப்பட்டாணி, குருண் பக்கம் கணக்கியலோ வணிக நிர்வாகமோ படிக்கச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. எங்கள் கல்லூரியில் இந்தத் துறைக்கென்று மன்றம் இல்லாமல் இருந்தது. அதை அமைத்து முதல் நிகழ்ச்சியை நடத்தி முடிப்பதற்குள் ஒரு பருவமே ஓடிவிட்டது. வேலை ஒன்றும் கடினமில்லை. எந்தத் தாள், யாருடைய கையொப்பம், எத்தனை நாள் முன்னால் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கோலாலம்பூர்ப் பிள்ளைகளில் சிலருக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலருடைய வீட்டில் அப்படி யாரும் இல்லை. தொழிற்பயிற்சிக்கு எங்கே எழுதிப்போடுவது, எம்ஐஏ எனும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினர் ஆவது எப்படி, டிப்ளோமா முடித்தபின் ஏசிசிஏ எனும் அனைத்துலகக் கணக்கியல் தொழில்தகுதிக்குப் படிக்கலாமா என்றெல்லாம் கேட்க ஓர் இடம் வேண்டும். மன்றம் அந்த இடமாக இருக்க முடியும். ஆகவே சின்னதாகவே தொடங்குங்கள், ஆனால் ஒழுங்காகத் தொடங்குங்கள்.

1. முதலில் பழைய பட்டியலைக் கேளுங்கள்

மாணவர் விவகாரப் பிரிவுக்கு, அதாவது ஹெச்இபி முகப்புக்குப் போய், கல்லூரியில் பதிவான மன்றங்களின் பட்டியலைக் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் யாரோ கணக்கியல் மன்றம் ஒன்றைப் பதிந்து, அவர்கள் படிப்பு முடிந்து போனதும் அது தூங்கிப்போயிருக்கலாம். தூங்கும் மன்றத்தை எழுப்புவது புதியதைப் பதிவதைவிடச் சுலபம். சட்டவிதிகள் ஏற்கனவே இருக்கும். புதிய செயற்குழுப் பெயர்களும் கூட்டக் குறிப்பும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் பழைய கணக்கில் பணமோ கடனோ நிற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம், அதாவது சட்டம் 555, உங்களுக்குப் பொருந்தும். பாலிடெக்னிக் போன்ற அரசுக் கல்லூரிகளில் மாணவர் ஒழுங்குக்கு 1976ஆம் ஆண்டின் சட்டம் 174. எதுவானாலும் நடைமுறையில் உங்களுக்கு அனுமதி தருவது ஹெச்இபிதான். "நேரா சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ப் பதிஞ்சிடு" என்று வெளியில் சிலர் சொல்வார்கள். போகாதீர்கள். அது கல்லூரிக்கு வெளியே தனிச் சங்கம் நடத்துகிறவர்களுக்கான வழி. அப்படிப் பதிந்துவிட்டு வந்தால் கல்லூரியின் பெயரையோ மண்டபத்தையோ பயன்படுத்துவது சிக்கலாகும்.

2. ஆலோசகரைப் பிடியுங்கள்

மன்றத்துக்கு ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் இல்லாமல் எந்த விண்ணப்பப் பாரமும் நகராது. மாணவர்களுக்கு மிகவும் பிடித்த விரிவுரையாளரைத்தான் முதலில் நினைப்பீர்கள். அதைவிட முக்கியம், அவர் இன்னும் இரண்டு வருடமாவது அந்தக் கல்லூரியில் இருப்பாரா என்பது. ஒப்பந்தம் முடியப்போகிறவரையோ மேல்படிப்பு விடுப்பில் போகவிருப்பவரையோ கேட்டால், பாதி வழியில் வேறொருவரைத் தேடி அலைய வேண்டும். ஆலோசகர் மாறினால் பல இடங்களில் பாரத்தை மறுபடியும் முதலிலிருந்து நிரப்பச் சொல்வார்கள்.

கேட்கும் முறையும் உண்டு. இரவு பத்து மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்பாதீர்கள். மன்றத்தின் நோக்கம், முதல் பருவத்தில் செய்யப்போகும் இரண்டு காரியம், அவரிடம் எதிர்பார்ப்பது என்ன என்று ஒரே பக்கத்தில் அச்சடித்து, அவருடைய சந்திப்பு நேரத்தில் நேரில் போய்க் கொடுங்கள். அவர் சம்மதித்தால் அன்றைக்கே சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

3. செயற்குழு: பெயர்களைத் தேர்ந்தெடுப்பது

தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், நாலைந்து செயற்குழு உறுப்பினர்கள். இவர்களோடு உள்கணக்காய்வாளர் இருவர் வேண்டும். அந்த இருவரும் செயற்குழுவில் இருக்கக்கூடாது, பொருளாளரின் நெருங்கிய நண்பர்களாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கியல் மாணவர்கள் நடத்தும் மன்றத்திலேயே கணக்காய்வு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

இதில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது, எல்லாப் பதவியையும் இறுதிப் பருவ மாணவர்களுக்குக் கொடுப்பது. அவர்கள் தொழிற்பயிற்சிக்குப் போனதும் மன்றம் வெறும் பெயராகிவிடும். பாதிப் பேராவது முதல் வருட மாணவர்களாக இருக்கட்டும். இரண்டாவது, மதிப்பெண். செயற்குழுவுக்குக் குறைந்தபட்ச சராசரிப் புள்ளியை நிர்ணயிக்கும் கல்லூரிகள் உண்டு. பெயர் கொடுத்தபின் ஒருவர் தகுதியில்லை என்று தெரிந்தால் பட்டியலே திரும்பி வரும்.

மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ஒன்றுகூடித் தொடங்கும்போது பட்டியல் முழுக்கத் தமிழ்ப் பெயர்களாகவே இருக்கும். தமிழ் மொழிக் கழகத்துக்கு அது சரி. இது கணக்கியல் மன்றம். மலாய், சீன நண்பர்களும் பெயரளவில் இல்லாமல் பொறுப்போடு உள்ளே இருக்க வேண்டும். ஹெச்இபி கேட்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு வேலைக்குப் போகும் அலுவலகத்தில் இதே கலவைதான் இருக்கும். அவர்களோடு சேர்ந்து ஒரு வரவுசெலவைப் போட்டுப் பழகும் வாய்ப்பைப் படிக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. ஆவணங்கள்

கொடுக்க வேண்டியவை: விண்ணப்பப் பாரம், மன்றத்தின் சட்டவிதிகள், அமைப்புக் கூட்டத்தின் குறிப்பு, வருகைக் கையொப்பத் தாள், செயற்குழு வரைபடம், உறுப்பினர் பட்டியல், ஆலோசகரின் சம்மதக் கடிதம், முதல் வருட நடவடிக்கைத் திட்டம். எல்லாம் மலாயில் இருக்கட்டும். ஆங்கிலம் பயிற்றுமொழியாக உள்ள தனியார் கல்லூரியில் ஆங்கிலம் போதும் என்றால், அதை முதலிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

சட்டவிதிகளை வேறு மன்றத்திலிருந்து நகலெடுப்பது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் ஏழாவது பக்கத்தில் பூப்பந்து மன்றத்தின் பெயர் அப்படியே கிடக்கும். அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். ஐந்து இடங்களை நீங்களே யோசித்து எழுதுங்கள்: உறுப்பினர் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக் கூட்டம் எந்த மாதம், குறைந்தபட்ச வருகை எத்தனை பேர், பணம் எடுக்க யார் யார் கையொப்பமிட வேண்டும், மன்றம் கலைந்தால் மிச்சப் பணம் எங்கே போகும். கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விடுவதுதான் அதிகம்.

கூட்டக் குறிப்பில் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று பெயரோடு இருக்க வேண்டும். "அனைவரும் ஏற்றனர்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பின்னால் வங்கியும் இதே குறிப்பைத்தான் கேட்கும்.

மைகார்டு, அதாவது அடையாள அட்டை, நகல் கொடுக்கும்போது நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, மன்றப் பதிவுக்கு மட்டும் என்று மலாயில் எழுதுங்கள். நாற்பது பேருடைய நகல் ஒரே கோப்பில் சுற்றப்போகிறது. உறுப்பினர் பட்டியலைப் புலனக் குழுவில் போடவே போடாதீர்கள்.

கையொப்ப வரிசையில்தான் நேரம் போகும். தயாரித்தவர் செயலாளர், சரிபார்த்தவர் தலைவர், ஆதரித்தவர் ஆலோசகர், அனுமதிப்பவர் ஹெச்இபி அதிகாரி. இந்த ஒழுங்கு மாறினால் தாள் திரும்பும். ஆலோசகர் ஊரில் இல்லாத வாரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாரம் முழுமையாக இருந்தாலும் அனுமதிக் கடிதம் கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகலாம். பருவத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிட்டால் அதே பருவத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். நடுப்பருவத் தேர்வுக்குப் பிறகு கொடுத்தால் அடுத்த பருவம்தான்.

5. பணம்: இங்கேதான் மன்றங்கள் உடைகின்றன

உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் மன்றப் பணத்தை வாங்காதீர்கள். ஒரு நாளைக்கு என்றாலும் வேண்டாம், நிகழ்ச்சி நாள் அவசரம் என்றாலும் வேண்டாம். பொருளாளரின் கைப்பேசியில் இருக்கும் டியூட்நவ் எனும் உடனடிப் பணப் பரிமாற்றக் கியூஆரைக் காட்டி ஐந்து ஐந்து ரிங்கிட்டாக வாங்குவது மிகச் சுலபமாகத் தெரியும். ஆனால் அவருடைய சாப்பாட்டுச் செலவும் மன்றக் கட்டணமும் ஒரே அறிக்கையில் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நேர்மையான பிள்ளையின் மேலும் சந்தேகம் விழும்.

இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று, கல்லூரியின் நிதிப்பிரிவு மன்றத்துக்கென்று தனித் தலைப்பு வைத்துப் பணத்தைக் காப்பது. எல்லாவற்றுக்கும் உரிமைக் கோரிக்கைப் பாரம் நிரப்ப வேண்டும், பணம் திரும்பக் கிடைக்கச் சில வாரம் ஆகும், ஆனால் பாதுகாப்பு அதிகம். மற்றது, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. அதற்குக் கல்லூரியின் அனுமதிக் கடிதம், சட்டவிதிகளின் நகல், கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்டக் குறிப்பு, கையொப்பமிடுவோரின் மைகார்டு, மன்றச் சாப்பு (முத்திரை) ஆகியவற்றைக் கேட்பார்கள். வங்கிக்கு வங்கி தேவை மாறும், போவதற்கு முன் கிளைக்குத் தொலைபேசி அடியுங்கள். மூவர் பெயரைக் கொடுத்து, அதில் எவரேனும் இருவர் கையொப்பம் என்று வையுங்கள். மூவரில் ஒருவர் ஆலோசகராக இருக்கட்டும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறக்காதீர்கள். தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கும் கல்லூரியோ நிறுவனமோ சனி, ஞாயிறு மூடியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே. வியாழன் மாலைக்குள் முடிக்காத வேலையை இரண்டு பக்கமும் சேர்ந்து பார்ப்பது திங்கட்கிழமைதான். சனி, ஞாயிறு விடுமுறையுள்ள பினாங்கு மாணவர்களின் அட்டவணையைப் பார்த்துத் திட்டம் போட்டால் இதில்தான் இடறும்.

வரும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எண் அச்சிட்ட ரசீது கொடுங்கள். போகும் ஒவ்வொன்றுக்கும் சிட்டை வாங்குங்கள். கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்து, மூலத்தை அதன் மேல் ஒட்டிவிடுங்கள். பாசாரில் சிட்டை தராத அக்காவிடம் சாமான் வாங்கினால், பொருள், விலை, தேதி எழுதிய செலவுச் சீட்டில் அவரிடமே கையொப்பம் கேளுங்கள், கொடுப்பார்கள். வருமானவரிச் சட்டப்படி வணிகர்கள் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் மன்றமும் அதையே பழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

தொடக்கச் செலவு பெரிதில்லை. சாப்பு, ரசீதுப் புத்தகம், கோப்பு, நகலெடுப்பு, பெயர்ப் பதாகை எல்லாம் சேர்ந்து 150 ரிங்கிட்டுக்குள் அடங்கும். உறுப்பினர் கட்டணம் பருவத்துக்கு 5 ரிங்கிட் போதும். அதற்கு மேல் வைத்தால் தோட்டத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளை யோசிப்பான். டீ சட்டை அடிப்பதை முதல் பருவத்தில் தொடவே தொடாதீர்கள். முன்பணம் கட்டிவிட்டு மிச்சத்தை வசூலிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

பணம் திரட்டுவதில் சட்டச் சிக்கல் இரண்டு. கடைகடையாக உண்டியல் வைப்பதற்கும் தெருவில் வசூலிப்பதற்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி தேவை. அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு விற்பது 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்துக்குள் வரும். கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறோமே என்று இறங்காதீர்கள். கடைக்காரர் நன்கொடை தர முன்வந்தால், கல்லூரி முத்திரையுள்ள கடிதம் கொடுத்து, மன்றக் கணக்கில் போடச் சொல்லி, ரசீது அனுப்புங்கள்.

6. முதல் நிகழ்ச்சி: செலவில்லாததாக இருக்கட்டும்

ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவால் 2006இல் அமைக்கப்பட்டது. பண நிர்வாகம் பற்றி இலவசமாகவே பேச வருவார்கள். மோட்டார் சைக்கிள் தவணை, பிடிபிடிஎன் எனும் உயர்கல்விக் கடன், பின்னர் செலுத்தும் இயங்கலைக் கடன் என்று நம் மாணவர்களுக்கு உடனே உறைக்கும் விஷயம். வருமானவரி வாரியத்தையும் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மையும் கூட அழைக்கலாம். வருமானவரிக்காரர்களை மார்ச் முதல் ஜூலை வரை கேட்காதீர்கள். பாரம் அனுப்பும் காலம், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. விற்பனைச் சிட்டையை இயங்கலையில் வருமானவரி வாரியத்துக்கு அனுப்பும் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததால், அதைப் பற்றிய உரைக்கு விரிவுரையாளர்களே ஆர்வமாக வருவார்கள்.

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு வாரம் முன்பு பேச்சாளருக்கு அதிகாரபூர்வக் கடிதம். நான்கு வாரம் முன்பு செயல்திட்ட அறிக்கை ஹெச்இபி மேசையில். அதில் நோக்கம், தேதி, இடம், பங்கேற்பாளர் எண்ணிக்கை, மணிவாரி நிரல், வரவுசெலவு மதிப்பீடு, பொறுப்பாளர் பட்டியல் இருக்க வேண்டும். அனுமதி வரும்வரை சுவரொட்டி ஒட்டாதீர்கள், முகநூலிலும் போடாதீர்கள். முடிந்தபின் இரண்டு வாரத்துக்குள் படம், வருகைப் பட்டியல், செலவுக் கணக்கோடு அறிக்கை. இந்த அறிக்கை தங்கினால் அடுத்த விண்ணப்பமும் தங்கும்.

தீபாவளிக்கு முன் விற்பனைச் சந்தை நடத்த ஆசை வரும், நடத்துங்கள். ஆனால் சமைத்து விற்பவர்கள் டைபாய்டு ஊசியும் உணவு கையாள்வோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஊசி மூன்று வருடம் செல்லும். முறுக்குப் பொட்டலத்தில் நீங்களாகவே ஹலால் என்று எழுதிவிடாதீர்கள், சான்றிதழ் இல்லாமல் அப்படி எழுதுவது குற்றம். வளாகத்துக்கு வெளியே கடை போட்டால் சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகத்தின் தற்காலிக அனுமதியும் வேண்டும். சந்தையில் விற்றது நன்றாகப் போய், ஒருவர் அதைத் தொழிலாகவே தொடர நினைத்தால், தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். மைகார்டிலுள்ள சொந்தப் பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60. எஸ்எஸ்எம்மின் எஸ்பிஸ் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். மாணவர் கட்டண விலக்கு நடப்பில் உண்டா என்று பதியும் முன் கேட்டுப் பாருங்கள்.

7. ஊருக்குள் இறங்கும்போது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பீடோங் மளிகைக்கடையிலும் ஒட்டுக்கடையிலும் கடன் நோட்டு ஒன்றைத் தவிர வேறு கணக்கு இருக்காது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து விற்பனை, கொள்முதல், கொடுக்க வேண்டியது, வர வேண்டியது என்று நாலு பத்தியில் எழுதக் கற்றுக்கொடுங்கள். சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்குக் கிடைக்கும் ஸ்பூமி கடனுக்குப் போகிற அக்காவுக்கு அந்த நாலு பத்தி பெரிய துணை. உங்களுக்கும் புத்தகத்தில் படித்த பேரேடு அன்றைக்குத்தான் உயிரோடு தெரியும்.

எல்லையைத் தாண்டாதீர்கள். 1967ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி எம்ஐஏ உறுப்பினர் அல்லாதவர் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. உரிமம் இல்லாமல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்கு வரி முகவராக வேலை செய்வதும் கூடாது. ஆகவே துண்டறிக்கையில் "மாணவர் கணக்கெழுதும் பயிற்சி" என்று மட்டும் போடுங்கள், இலவசமாகச் செய்யுங்கள், கடைக்காரரின் வருமானவரிக் கடவுச்சொல்லைக் கையால் தொடாதீர்கள்.

பக்கத்து இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வுக்குக் கணக்கியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவதும் நல்லது. முதலில் பள்ளி முதல்வருக்குக் கடிதம், அப்புறம் பெற்றோர் சம்மதத் தாள். இரண்டும் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூடக் கல்லூரி வளாகத்துக்கு அழைத்து வராதீர்கள்.

8. யாரை உள்ளே விடக்கூடாது

மன்றம் பதிவானதும் "மாணவர் தொழில்முனைவர் உரை" என்று சொல்லிக்கொண்டு சிலர் தொடர்புகொள்வார்கள். இலவசச் சாப்பாடு, டீ சட்டை, பேச்சாளர் எல்லாம் தருவார்கள். உரையின் கடைசிப் பத்து நிமிடத்தில் பதிவுக் கட்டணமும் ஆள்சேர்ப்பும் வரும். நேரடி விற்பனைக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிம எண்ணை எழுத்தில் கேளுங்கள். முதலீடு என்று வந்தால் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலையும் பங்குச்சந்தை ஆணையத்தின் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதே நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்றாகாது. வங்கி அட்டையைச் சில நூறு ரிங்கிட்டுக்கு வாடகைக்குக் கேட்பவர்கள் மாணவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். அட்டை கொடுத்த பிள்ளைதான் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டிவரும். இதை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உறுப்பினர்களிடம் சொல்லுங்கள்.

9. ஒப்படைப்பு

புதிய செயற்குழுவை இறுதித் தேர்வுக்கு நாலு வாரம் முன்பே தேர்ந்தெடுங்கள். கோப்பு, சாப்பு, ரசீதுப் புத்தகம், மின்னஞ்சல் கடவுச்சொல், கையிருப்பு ரொக்கம், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பழைய, புதிய பொருளாளர் இருவரும் ஆலோசகர் முன்னிலையில் கையொப்பமிடட்டும். மன்ற மின்னஞ்சல் யாருடைய சொந்தக் கைப்பேசி எண்ணோடும் கட்டப்பட்டிருந்தால் அன்றே மாற்றுங்கள். எண்ணின் சொந்தக்காரர் வேலைக்குப் போய்விட்டால் சரிபார்ப்புக் குறியீடு கேட்டு அவரைத் தேட வேண்டிவரும்.

வங்கியில் கையொப்பக்காரர்களை மாற்ற, தேர்தல் நடந்த கூட்டக் குறிப்பு, கல்லூரியின் புதிய கடிதம், வெளியேறுகிறவர், உள்ளே வருகிறவர் எல்லோருடைய மைகார்டும் வேண்டும். பழையவர்களும் நேரில் வர வேண்டும் என்று பல கிளைகள் சொல்லும். ஆகவே அவர்கள் அறையைக் காலி செய்து ஊருக்குப் போவதற்கு முன், ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு காலை நேரத்தைக் குறித்து எல்லோரையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு போய் முடித்துவிடுங்கள்.